எஸ்எஃப்எக்ஸ் புது இதழ் வந்தாச்சு. இன்னும் காசு கொடுத்து வாங்கத்தான் வேணுமா?

விண்கல் (இழையைத் தொடங்கியவர்)

எஸ்எஃப்எக்ஸ் (SFX) என்கிற சயின்ஸ் ஃபிக்‌ஷன் இதழை, இந்த மாதத்தினுடையதை, நேற்று ராத்திரி படித்து முடித்தேன். படித்து முடித்தேன் என்பதே கொஞ்சம் அதிகம், பாதிப் பக்கங்களைப் புரட்டத்தான் செய்தேன். முன்பக்கச் செய்திகள் எல்லாம் ஏற்கெனவே ஃபோனில் பார்த்தவை. ட்ரெய்லர் வந்த அன்றைக்கே யூடியூபில் ஆளாளுக்கு அதை ஷாட் ஷாட்டாகப் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். அதே ட்ரெய்லரின் ஸ்டில்லை வழவழப்பான தாளில் முழுப் பக்கத்துக்குப் பார்க்க எதற்குக் காசு?

வெறுப்பில் கேட்கவில்லை. 1995-லிருந்து வருகிற இதழ். இங்கிலாந்தின் பாத் நகரத்தில் ஃபியூச்சர் கம்பெனி போடுவது. நாலு வாரத்துக்கு ஒன்று, ஆக வருஷத்துக்கு 13. சயின்ஸ் ஃபிக்‌ஷன் படம், தொடர், நாவல், காமிக்ஸ் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் இந்த மாதிரி மற்ற இதழ்களைப் பாருங்கள்: அமெரிக்க சயின்ஸ் ஃபிக்‌ஷன் இதழ் ஸ்டார்லாக் 2009-ல் அச்சை நிறுத்தியது, சினிமா எஃபெக்ட்ஸ் இதழ் சினிஃபெக்ஸ் 2021-ல் மூடியது, இதே ஃபியூச்சரின் சினிமா இதழ் டோட்டல் ஃபிலிம் 2024-ல் போய்விட்டது. மிச்சம் இருப்பதை ஏன் வாங்குகிறீர்கள்? வாங்குகிறவர்கள் சொல்லுங்கள். பழக்கதோஷம் என்றாலும் கூச்சப்படாமல் சொல்லலாம்.

கோள்சொல்லி

அது இருக்கட்டும். அட்டையில் எஃப் எழுத்தின் காலை இந்தத் தடவையும் யாருடைய தலையாவது மறைக்கிறதா?

விண்கல்

@கோள்சொல்லி அந்த ஜோக்கை விடவே மாட்டீங்க. புதிதாக வந்தவர்களுக்காக: எஸ், எஃப், எக்ஸ் மூன்றில் நடு எழுத்தின் அடியில் படத்தை ஏற்றி வைத்தால் அது 'இ' (E) மாதிரி தெரியும். அப்புறம் இதழை வீட்டு ஹாலில் போட்டு வைக்க முடியாது. பல அட்டைகளில் இது நடந்திருக்கிறது. தற்செயல் என்றே நம்புவோம்.

பழையதாள்

தம்பி, செய்திக்காக இந்த மாதிரி இதழ்களை வாங்கியவர்கள் எந்தக் காலத்திலும் ஏமாந்தவர்கள்தான். மாத இதழ் எழுதி, கோத்து, அச்சுக்குப் போய், கடைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். இன்டர்நெட்டுக்கு முன்னாலும் அதில் இருந்தது ஆறின செய்திதான். வேறு வழி இல்லாததால் சூடாகத் தெரிந்தது, அவ்வளவே.

ஸ்டார்லாக்கின் முதல் இதழையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 1976. கெர்ரி ஓக்வின், நார்மன் ஜேக்கப்ஸ் என்று நியூயார்க்கில் இரண்டு பேர். அவர்கள் முதலில் போட நினைத்தது ஸ்டார் ட்ரெக் டிவி தொடர் பற்றி ஒரே ஒரு சிறப்பு வெளியீடு. உரிமைத்தொகை பேச்சு படியவில்லை. சரி, பொதுவாக சயின்ஸ் ஃபிக்‌ஷனுக்கு என்று ஒரு இதழ் போடுவோம், ஸ்டார் ட்ரெக்கை அதன் நடுவில் உட்கார வைப்போம் என்று வண்டியைத் திருப்பினார்கள். அந்த முதல் இதழின் முக்கியச் சரக்கு என்ன தெரியுமா? 1969-லேயே நின்றுபோன ஒரு தொடரின் எபிசோடு பட்டியல்! 79 எபிசோடு. இதில் செய்தி எங்கே இருக்கிறது? ஏழு வருஷப் பழசு.

ஆனால் அன்றைக்கு ரசிகன் நிலைமையை யோசியுங்கள். வீட்டில் வீடியோ கேசட் கிடையாது. உள்ளூர் சேனல் எந்த எபிசோடை மறுஒளிபரப்பு செய்கிறதோ அதைத்தான் பார்க்க முடியும். அதிலும் கூடுதல் விளம்பரத்துக்காக நடுவில் வெட்டியிருப்பார்கள். மொத்தம் எத்தனை கதை, எதை யார் எழுதியது, யார் நடித்தது, தான் பார்க்காமல் விட்டது எது என்பதெல்லாம் முதல் தடவையாக ஒரே இடத்தில் கையில் கிடைக்கிறது. அதற்குத்தான் காசு.

அப்புறம் அதிர்ஷ்டமும் அடித்தது. 1977 மே 25 ஸ்டார் வார்ஸ் ரிலீஸ். ஊரே அதைப் பற்றிப் படிக்க அலைந்தபோது இவர்கள் ஒன்பது மாதத்துக்கு முன்பே கடை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆகஸ்ட் 1977-ல் வந்த ஏழாவது இதழின் அட்டையில் அந்தப் படத்தின் எக்ஸ்-விங் விண்கலம். 1979-ல் திகில் படங்களுக்கென்றே ஃபாங்கோரியாவைத் தனியாகப் பிரித்து விட்டார்கள். ஸ்டார்லாக் 374 இதழ் ஓடியது.

என் கணக்கு இதுதான். புது இதழைக் கையில் எடுத்ததும் 'பத்து வருஷம் கழித்தும் இதில் எந்தப் பக்கத்தைத் தேடிப் படிப்பேன்' என்று கேட்டுக்கொள்வேன். ட்ரெய்லர் ஸ்டில்லை யாரும் தேடமாட்டார்கள். மினியேச்சர் செய்தவர், உடை தைத்தவர், திரைக்கதையை நாலு தடவை திருத்தி எழுதியவர் வாயைத் திறந்து பேசிய நாலு பக்கத்தைத் தேடுவார்கள். அப்படி ஒரு பேட்டி இருந்தால் வாங்குவேன், இல்லாவிட்டால் கடையிலேயே புரட்டிவிட்டு வைத்துவிடுவேன். கடைக்காரர் முறைப்பார், பழகிவிட்டது.

சந்தேகராமன்

பெரியவர் அழகாகச் சொல்கிறார். ஆனால் கசப்பான ஒரு விஷயத்தை விட்டுவிட்டார். அட்டைக்குப் படம் கொடுப்பது ஸ்டூடியோ. நடிகரைப் பேட்டிக்கு அனுப்புவது ஸ்டூடியோ. எந்தத் தேதிக்கு முன் எதை அச்சிடக்கூடாது என்று கட்டுப்பாடு போடுவதும் ஸ்டூடியோ. படம் வருவதற்கு முன்னால் வருகிற பேட்டியில் யாராவது 'படம் சுமார்தான், எடிட்டிங்கில் சொதப்பிவிட்டது' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எல்லாரும் குடும்பம் மாதிரி இருந்தார்கள், டைரக்டர் ஜீனியஸ், ஸ்கிரிப்டைப் படித்ததும் மெய்சிலிர்த்தது. பேரை மாற்றிப் போட்டால் எந்தப் படத்துக்கும் பொருந்தும்.

இதை மீறிய இதழ் ஒன்றைத்தான் எனக்குத் தெரியும். சினிஃபென்டாஸ்டிக். இல்லினாய் மாநிலம் ஓக் பார்க்கில் இருந்துகொண்டு ஃபிரெடெரிக் எஸ். கிளார்க் 1970-ல் தொடங்கியது. 1979-ல் ஃபர்பிடன் ப்ளானட் படத்துக்கு மட்டுமே ஒரு இரட்டை இதழ் போட்டார்கள். அது 1956-ல் வந்த படம். விற்பதற்கு ஸ்டூடியோவிடம் ஒன்றும் இல்லை, மறைப்பதற்கும் அவசியம் இல்லை. அதனால்தான் வேலை செய்தவர்கள் மனம்விட்டுப் பேசினார்கள். ஆகவே என் கேள்வி: புதுப் படத்தைப் பற்றிப் புது இதழில் வருகிற எதையாவது நம்ப முடியுமா?

பச்சைத்திரை

வணக்கம், நான் இந்த ஃபீல்டுலயே இருக்கேன். காம்பாசிட்டிங், அதாவது தனித்தனியா எடுத்ததை ஒரே ஷாட்டா ஒட்டற வேலை. அதனால கொஞ்சம் உள்விஷயம் சொல்லலாம்.

சந்தேகராமன் சார் சொன்னது நடிகர் பேட்டிக்கு நூத்துக்கு நூறு உண்மை. டெக்னிக்கல் ஆட்களோட பேட்டில கதை வேற. எங்கள்ல ஒருத்தர்கிட்ட 'இந்த ஷாட் எப்படி?'ன்னு கேட்டா, முதல்ல எது வேலைக்கு ஆகலைங்கிறதைத்தான் சொல்லுவோம். பெருமையே அங்கதான் இருக்கு. பட விளம்பரத்தைப் பார்த்துக்கற பிஆர் ஆளுக்கு அது பாதி புரியாது, அதனால வெட்டவும் மாட்டார்.

சினிஃபெக்ஸ் இதுலதான் வாழ்ந்தது. டான் ஷே 1980 மார்ச்சுல ஆரம்பிச்சார். முதல் இதழ்ல ரெண்டே படம், ஏலியனும் முதல் ஸ்டார் ட்ரெக் படமும். அந்த ஸ்டார் ட்ரெக் கதை எங்க ஆளுங்களுக்கு இன்னிக்கும் பாடம். எஃபெக்ட்ஸ் வேலையை ராபர்ட் ஏபல் கம்பெனிகிட்ட கொடுத்திருந்தாங்க. வேலை நகரலை. 1979 ஆரம்பத்துல அவங்களை விலக்கிட்டு எஃபெக்ட்ஸ் நிபுணர் டக்ளஸ் ட்ரம்புல்லைக் கூப்பிட்டாங்க. ரிலீஸ் தேதி டிசம்பர் 7, அதை நகர்த்த முடியாது. வேலையைப் பங்கு போட்டுக்க ஜான் டைக்ஸ்ட்ரா டீமும் உள்ள வந்தாங்க. 'டெலிவரி தேதி மாறாது, ஷாட் மட்டும் ஏறிக்கிட்டே போகும்'ங்கிறது எங்க ஊர்ப் பிரச்சனைன்னு நினைச்சிட்டிருந்தேன். அந்தக் கட்டுரையைப் படிச்சப்புறம் மனசு லேசாச்சு.

அப்புறம் ஒன்பதாவது இதழ், ஜூலை 1982. முழு இதழும் ப்ளேட் ரன்னர் படத்துக்கே. ஆரம்பத்துல வர்ற அந்த எரியுற நகரம் இருக்கே, மெல்லிசா அரிச்சு எடுத்த பித்தளைத் தகடுல கோபுரங்களை வெட்டி, பின்னால போகப் போக சின்னதாக்கி, ஃபைபர் ஆப்டிக்ல ஆயிரக்கணக்குல வெளிச்சப் புள்ளி வெச்சு, அறை முழுக்கப் புகையைப் போட்டு எடுத்தாங்க. புகை எதுக்கு? தூரம் தெரியணும்னு. நிஜ நகரத்துல தூசியும் ஈரமும் செய்யற வேலையை, சின்ன அறைக்குள்ள புகை செய்யுது. ஆனா ஒரே ஃபிலிமை ரிவைண்ட் பண்ணித் திரும்பத் திரும்ப எக்ஸ்போஸ் பண்ணணும். ஒவ்வொரு தடவையும் புகை அதே அடர்த்தில இருந்தாகணும், இல்லேன்னா வெளிச்சம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. அதுக்குன்னு சென்சார் வெச்சுப் புகையைக் கட்டுப்படுத்தினாங்க. நாங்க இன்னிக்கு கம்ப்யூட்டர்ல டெப்த் பாஸ் (எது எவ்வளவு தூரம்னு காட்டற படம்) போட்டு செய்யறதும் இதே சமாச்சாரம்தான்.

ஒரு குறையும் சொல்லணும். இந்த மாதிரி கட்டுரைகள்ல பேசறது சூப்பர்வைசர் மட்டும்தான். ராத்திரி மூணு மணிக்கு ரோட்டோ (ஃப்ரேம் ஃப்ரேமா உருவத்தைப் பிரிச்செடுக்கற வேலை) போட்டவன் பேரு வராது. படத்தோட கடைசி க்ரெடிட்ஸ்ல வந்தாலே அதிர்ஷ்டம்.

கோள்சொல்லி

இதைப் படித்ததும் ப்ளேட் ரன்னரை மறுபடி போட்டுவிட்டேன். தூக்கம் போச்சு, நன்றி.

தேம்ஸ்கரை

நான் லண்டனில இருக்கிறன். எஸ்எஃப்எக்ஸ் எப்பவாவது ரயில் ஏறேக்க வாங்குவன், ஆனா விடாமல் எடுக்கிறது பிபிசியின்ர டாக்டர் ஹூ டிவி தொடருக்கெண்டு வாற டாக்டர் ஹூ மகசின்தான். விண்கல் தம்பியின்ர கேள்விக்கு அதில ஒரு பதில் இருக்கெண்டு நினைக்கிறன்.

அது 1979 ஒக்டோபரில டாக்டர் ஹூ வீக்லி எண்ட பேரில துவங்கினது. பிறகு மாத இதழாச்சு. தொடர் 1989 டிசம்பரில நிண்டுபோச்சு. 1996-ல ஒரே ஒரு டிவி படம் வந்தது, அதை விட்டா 2005 வரைக்கும் டிவியில புதுசா ஒண்டும் இல்லை. யோசிச்சுப் பாருங்கோ, தொடரே இல்லாத தொடருக்கு மாசாமாசம் இதழ்! எதைப் போட்டவை? பழைய கதைகளின்ர தயாரிப்பு விபரம்: எந்த நாள் எந்த ஸ்டூடியோவில எடுத்தது, ஸ்கிரிப்டில எது வெட்டுப்பட்டது, சம்பளம், பட்ஜெட் எண்டு பிபிசி கோப்புகளில இருந்து தோண்டி எடுத்து எழுதினவை. பிபிசியே பழைய டேப்புகளை அழிச்சுப்போட்டுது. அழிஞ்ச எபிசோடுகளைப் பற்றி ஆகக் கூடுதலான விபரம் அந்த மகசினிலதான் கிடைக்கும். கின்னஸ்காரரும் 2010-ல ஒரு டிவி தொடருக்கெண்டு ஆகக் கூடின காலம் வந்த மகசின் எண்டு சான்றிதழ் குடுத்தவை. 2024-ல 600-வது இதழும் வந்திட்டுது.

சந்தேகராமன், நீங்கள் ஸ்டூடியோ, விளம்பரம் எண்டு சொல்லுறியள். இது அதிகாரபூர்வ இதழ்தான், நான் மறுக்கேல்லை. புதுத் தொடரைக் குறை சொல்லிப் பெரிசா ஒண்டும் வராது. ஆனா 1980-ல அதில வந்த ஒரு சித்திரக்கதை, டேவ் கிப்பன்ஸ் கீறினது, பாட் மில்ஸும் ஜோன் வாக்னரும் எழுதினது. பார்க்கச் செல்லமா இருக்கிற, உள்ளுக்குக் கொடூரமான ஒரு பிராணி அதில வரும், பீப் த மீப் எண்டு பேர். 2023-ல அந்தக் கதையே டிவியில சிறப்பு எபிசோடா வந்தது. நாப்பது வருசத்துக்கு மேல கழிச்சு மகசின் தொடருக்குக் கதை குடுத்திருக்கு. எந்த விளம்பரம் இப்பிடித் திரும்பிப் போகும்?

இன்னொண்டு. 1973-ல பிபிசியின்ர நிகழ்ச்சி இதழான ரேடியோ டைம்ஸ் டாக்டர் ஹூவின்ர பத்தாண்டுக்கு ஒரு சிறப்பிதழ் போட்டது. அதைப் புகழ்ந்து 15 வயசுப் பெடியன் ஒருத்தன் எழுதின கடிதம் 1974 பெப்ரவரி ரேடியோ டைம்ஸில அச்சானது. பெடியன்ர பேர் பீட்டர் கபால்டி. 2013-ல அவரையே தொடரின்ர நாயகன் டாக்டரா அறிவிச்சவை. இப்ப சொல்லுங்கோ, வாசகர் கடிதப் பக்கத்தைப் படிக்காமல் தாண்டிப் போறவையும் இருக்கினம்!

சந்தேகராமன்

@தேம்ஸ்கரை பீப் த மீப் விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன் அக்கா. ஆனால் பாருங்கள், நீங்கள் புகழ்ந்த எல்லாமே பழையதைத் தோண்டியதும், கதை எழுதியதும். 'புதுப் படம் பற்றிப் புது இதழ்' என்கிற என் புகார் அப்படியே நிற்கிறது. பச்சைத்திரை சொன்ன சினிஃபெக்ஸ்கூட படம் வந்த பிறகு நிதானமாக எழுதியதுதானே? முன்னோட்டத்தை முழுவதும் இன்டர்நெட்டுக்கு விட்டுவிட்டு, இதழ் படம் வந்து மூன்று மாதம் கழித்து ஆரம்பிக்கட்டும் என்கிறேன்.

பழையதாள்

@சந்தேகராமன் கேட்க நன்றாக இருக்கிறது, கடையில் எடுபடாது. படம் ஓடுகிற வாரத்தில் அதன் முகம் அட்டையில் இருந்தால்தான் போகிற வருகிறவன் எடுப்பான். ஸ்டார்லாக் காலத்திலிருந்து அப்படித்தான். அட்டைக்கு ஒரு பெரிய படம், அது கூட்டி வருகிற ஆளுக்காக உள்ளே ஒரு வயசான டைரக்டர், ஒரு மேக்கப் கலைஞர். முன்பக்கம் சம்பாதித்துக் கொடுக்கும், பின்பக்கம் அதைத் தின்னும். முன்னோட்டத்தை வெட்டினால் பின்பக்கமும் சேர்ந்து போகும்.

சினிஃபெக்ஸ் நிதானமாக எழுத முடிந்ததற்குக் காரணம் வேறு. அதை வாங்கினவர்கள் தொழில்காரர்கள், விளம்பரம் கொடுத்ததும் எஃபெக்ட்ஸ் கம்பெனிகள். 2020-ல் கொரோனா வந்து தியேட்டரும் ஷூட்டிங்கும் நின்றபோது அந்தக் கால் முறிந்தது. 172 இதழோடு 2021 பிப்ரவரியில் முடித்துக்கொண்டார்கள். தரம் குறைந்து செத்த இதழ் இல்லை அது. எனக்கு அதில்தான் ஆத்திரம்.

மஞ்சள்பை

ஒரு சின்னக் கேள்வி. நம்ம ஊருக்கு இந்த மாதிரி ஏதாவது இருந்திருக்கா? கலை அரசி 1963-லயே வந்துட்டுது. எம்ஜிஆர் படம், வேற்றுக் கிரகம், பறக்கும் கப்பல் எல்லாம் உண்டு. அந்தக் கப்பலை யார் செஞ்சா, மரமா தகரமா, கம்பில கட்டித் தொங்கவிட்டாங்களான்னு செஞ்சவங்களையே உட்கார வெச்சு நாலு பக்கம் கேட்டிருந்தா எப்படி இருந்திருக்கும்!

பச்சைத்திரை

@மஞ்சள்பை வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க. எந்திரன் 2010-ல. டெர்மினேட்டர் ரோபோவைச் செஞ்ச ஸ்டான் வின்ஸ்டனோட ஆளுங்க நடத்தற லெகசி எஃபெக்ட்ஸ் அந்த ரோபோ வேலையில இருந்தாங்க. ஹாலிவுட் படமா இருந்தா அதுக்கு மட்டும் இருபது பக்கம் போட்டிருப்பாங்க. நம்ம பத்திரிகைல ஹீரோ செட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தார்னு போடுவாங்க.

நெறியாளர்

தமிழ்ப் படங்களின் எஃபெக்ட்ஸுக்குத் தனி இழை திறந்துவிட்டேன். அந்தச் சண்டையை அங்கே தொடரலாம். இங்கே இதழ்களைப் பற்றிப் பேசுவோம்.

தேம்ஸ்கரை

நெறியாளர் நித்திரை கொள்ளேல்லை போல.

விண்கல்

நிறைய யோசிக்க வைத்துவிட்டீர்கள். இதழை மறுபடி எடுத்துப் பின்னாலிருந்து படித்தேன். புத்தக விமர்சனப் பக்கங்களை நான் எப்போதும் தாண்டிவிடுவேன், இந்தத் தடவை நின்று படித்தேன். அங்கேதான் அறிமுகமே இல்லாத எழுத்தாளர்கள் கிடைக்கிறார்கள். நாவலுக்கு யூடியூபில் யாரும் ஷாட் பிரித்துப் போடுவதில்லையே.

சரி, அச்சு இதழா டிஜிட்டலா? எனக்கு தபாலில் வருவது சில சமயம் அடுத்த இதழ் கடைக்கு வந்த பிறகுதான். புகார் எழுதினால் மன்னிப்புக் கடிதம் மட்டும் சீக்கிரம் வருகிறது. டிஜிட்டலுக்கு மாறிவிட யோசனை.

பழையதாள்

படிக்க மட்டும் என்றால் டிஜிட்டல் போதும். பாதுகாக்க என்றால் எதையும் முழுசாக நம்பாதீர்கள். 2007 டிசம்பரில் ஸ்டார்லாக், ஃபாங்கோரியா இரண்டின் பழைய பிரதிகளும் இருந்த கிடங்கு தீப்பிடித்து எரிந்தது. இல்லினாய் மாநிலத்தில் ஓரிகன் என்றொரு ஊர், அதே பேருள்ள மாநிலத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தபாலில் பழைய இதழ் விற்பது அவர்களுக்கு ஒரு வருமானமாக இருந்தது, ஒரே நாளில் போச்சு. அதற்கப்புறம் ஒன்றரை வருஷத்துக்குள் ஸ்டார்லாக்கின் அச்சும் நின்றது. இன்றைக்கு நீங்கள் ஸ்டார்லாக் படிக்க முடிகிறது என்றால் வீட்டில் பெட்டி பெட்டியாக வைத்திருந்தவர்கள் ஸ்கேன் செய்து இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் ஏற்றியதால்தான்.

டிஜிட்டல் சந்தாவோ, செயலி மூடினால் அதோடு போகும். பிடிஎஃப் கொடுக்கிறார்களா, இறக்கி வைத்துக்கொள்ள முடியுமா என்று முதலில் பாருங்கள்.

மஞ்சள்பை

பழையதாள் ஐயா, ஆர்க்கைவ்ல போய் எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது? 374 இதழ்னா மலைப்பா இருக்கு.

பழையதாள்

வரிசையாகப் படிக்கவே வேண்டாம், முதல் வாரமே அலுத்துவிடும். உங்களுக்குப் பிடித்த ஒரு படத்தின் ரிலீஸ் மாதத்தைப் பாருங்கள். அதற்கு ஆறு மாதம் முன்னால் இருந்து ஆறு மாதம் பின்னால் வரைக்கும் எடுங்கள். முன்னால் என்ன அளந்தார்கள், பின்னால் எப்படி மாற்றிப் பேசினார்கள் என்று தெரியும். சந்தேகராமனுக்கு இது விருந்து. அப்படியே நவம்பர் 1985-ல் வந்த நூறாவது இதழையும் பாருங்கள். சயின்ஸ் ஃபிக்‌ஷனின் முக்கியமான நூறு பேர் என்று ஒரு பட்டியல் போட்டிருப்பார்கள், சண்டை போட அருமையான சரக்கு.

விளம்பரப் பக்கங்களைத் தாண்டிவிடாதீர்கள். தபாலில் வரவழைக்கும் மாடல் கிட், எல்பி ரெக்கார்டு, போஸ்டர், அப்புறம் முதல் முதலாக வீடியோ கேசட் என்று ரசிகன் எந்த வருஷம் எதற்குக் காசு கொடுத்தான் என்பது அங்கே வரிசையாக இருக்கிறது.

பச்சைத்திரை

ப்ளேட் ரன்னர் சினிஃபெக்ஸ் தேடறவங்களுக்கு: அதை டைட்டன் புக்ஸ் தனிப் புத்தகமாவே மறுபடி போட்டாங்க. பழைய இதழை ஏலத்துல எடுத்துக் காசைக் கரைக்க வேண்டாம்.

சந்தேகராமன்

நான் 1984 கடைசியில் இருந்து ஆரம்பிக்கிறேன். ட்யூன் படம் வந்தது டிசம்பர் 1984. படம் வருவதற்கு முன்னால் எப்படியெல்லாம் தூக்கி வைத்திருப்பார்கள், நூறாவது இதழ் வருவதற்குள் எப்படி இறக்கியிருப்பார்கள் என்று பார்க்க வேண்டும். இந்த வாரக் கடைசிக்குள் பக்க எண்களோடு வருகிறேன்.

தேம்ஸ்கரை

வாங்கோ வாங்கோ. தேத்தண்ணி போட்டு வைக்கிறன்.